சாம்பல் குழிக் காவல்

"அண்ணே, ஒட்டியாச்சுல்ல? தண்ணிய ஊத்திக் குடுங்க, மாட்டிக்கிட்டுக் கிளம்புறேன்!"

"ஏலே முனியராஜ், இது ஸ்பிரிங் பட்டைலே. கதவுக் கொண்டி இல்ல!" வெல்டர் தங்கப்பாண்டியன் எரிந்து விழுந்தார்.

காலையில் பாதி வழியில், முனியராஜ் ஓட்டும் வேனைத் தாங்கும் முன்பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்துவிட்டது. ஏழாயிரம்பண்ணை பட்டாசு கம்பெனிக்குக் கிளம்பிய பெண்கள் அத்தனை பேரும் வீடு திரும்பிவிட்டார்கள். முனியராஜின் மனைவி வேல்விழியும் அவர்களில் ஒருத்தி. சீசன் நேரம். நாளைக்கும் வண்டி வராவிட்டால் வேறு வேன் பிடித்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். முனியராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"புதுப் பட்டை வார வரைக்கும் ஓட்டத்தான் இது. சாம்பலுக்குள்ள கிடந்து தானா ஆறணும். தண்ணி ஊத்தினேன்னா, ஒட்டுக்குப் பக்கத்துல கண்ணாடி மாதிரி ஆயிரும். மேலுக்கு ஒண்ணும் தெரியாது. ஓட்டத்துல பட்டுனு ஒடிஞ்சு போயிரும். உன் பொஞ்சாதியும் அந்த வண்டியிலதானலே வாரா?"

சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

முனியராஜ் பட்டையைப் புதைத்திருந்த சாம்பல் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இரண்டு தரம் தண்ணீர் வாளியைத் தூக்கினான். வேல்விழியை நினைத்துக் கீழே வைத்தான். பாழாய்ப்போன இரும்பு, ஆறித் தொலைக்கிறதா பார்!

வேல்விழியே தூக்குவாளியில் சோற்றோடு வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து போன். பட்டறைக்குள் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

"ரோட்டுல நின்னு பேசிட்டு வாரேன். சாம்பலுக்குள்ள பட்டை நெருப்பாக் கிடக்கு. நீ இங்கனயே காவலுக்கு இரு!"

பேசிவிட்டு ஓடி வந்தபோது, அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழியில் சாம்பல் மூடியபடியே கிடந்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

மறுநாள் காலை, வேன் நிறையப் பெண்கள். வண்டி வைப்பாற்றுப் பாலத்தில் ஏறியது. வேல்விழி முன்சீட்டில் இருந்தாள்.

"நேத்து தண்ணிய ஊத்திருவோமான்னு எம்புட்டுத் துடிச்சேன் தெரியுமா? உன்னை நினைச்சுத்தான் கையை அடக்கிக்கிட்டேன்" என்றான் முனியராஜ்.

வேல்விழி பெருமையாகச் சிரித்தாள். "உங்க கை அடங்கும். நெருப்பைக் கண்டா பட்டாசு கம்பெனிக்காரி கை அடங்குமா? கிளறிப் பாத்தேன், செக்கச்செவேல்னு கனிஞ்சு கிடந்துச்சு. ரெண்டு வாளி ஊத்தி அணைச்சுட்டு, காஞ்ச சாம்பலை அள்ளி மூடிட்டேன்!"

முனியராஜுக்குப் பிரேக்கை மிதிக்கவும் பயமாக இருந்தது.