கணவாய்

“கேளுங்க பிள்ளைகளா, நம்ம பொன்செல்வி எழுதியிருக்கிற அழகை!”

பாகீரதி டீச்சர் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்தாள். களக்காட்டில் அந்தப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியர் இன்னும் வந்தபாடில்லை. எட்டாம் வகுப்புக்குத் தமிழோடு அறிவியலும் அவள் தலையில்தான்.

கேள்வி இதுதான்: கணவாய், சாலமாண்டர் இரண்டின் வகைப்பாட்டையும் பாதுகாப்பு நிலையையும் ஒப்பிடுக.

டீச்சர் உரக்க வாசித்தாள்.

“‘சாலமாண்டர் பார்க்கப் பல்லி போல இருக்கும். ஆனால் தவளையைப் போல இருவாழ்வி. அதில் பல வகைகள் அழிந்து வருகின்றன. கணவாய் என்பது இரண்டு மலைகளுக்கு நடுவில் உள்ள வழி. அதற்கு முதுகெலும்பும் இல்லை, உயிரும் இல்லை. பாதுகாப்பு நிலை: ஃபாரஸ்ட்காரர்கள் கேட் போட்டிருக்கிறார்கள்.’”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

பொன்செல்வி நின்றபடி டெஸ்க்கைச் சுரண்டினாள். எஸ்டேட் வேலை போய், இந்த வருஷம்தான் அவள் குடும்பம் மலையை விட்டு இறங்கியிருந்தது. கணவாய்ப் பாடம் நடந்த அன்று அவள் வீட்டில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அந்தக் கணவாய் பூகோளத்துல வரும். இது கடல்ல கிடைக்கிற மீனு! இந்த லட்சணத்துல நீ திருநெல்வேலி அறிவியல் கண்காட்சிக்குப் போனா நம்ம மானம் கப்பலேறிடும்.”

பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, முழு மதிப்பெண் வாங்கிய முத்துராணியின் பெயரை எழுதினாள். கீழே வந்த பிறகு பொன்செல்வி ஆசைப்பட்டுக் கேட்டது அந்தக் கண்காட்சி ஒன்றைத்தான். பாவம், அந்தப் பிள்ளை அழக்கூட இல்லை.

பள்ளி விட்டதும் முத்துராணி வந்து நின்றாள். அவள் அம்மா சந்தையில் மீன் விற்கிறவள்.

“டீச்சர், நான் போகல. பொன்செல்வியே போகட்டும்.”

“ஏன்?”

“அங்கன யாராவது கேட்டா, கணவாய் மீனுன்னு என்னால சொல்ல முடியாது டீச்சர்.”

“மீன்தானே? ஊரே கணவாய் மீன்னுதானே சொல்லுது?”

“பேருதான் அப்படி டீச்சர். எங்கம்மா தெனமும் வெட்டுதா. ஒரு முள்ளு கெடையாது. உள்ள கண்ணாடி மாதிரி ஒரு தகடுதான் இருக்கும்.”

பாகீரதியின் வீட்டில் மீன் வாசமே கிடையாது. பெயரை நம்பித்தான் பாடம் நடத்தியிருந்தாள். அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினாள்.

‘முதுகெலும்பற்றவை. மெல்லுடலிகள்: நத்தை, சிப்பி, கணவாய்.’

பாகீரதி புத்தகத்தை மூடி வைத்தாள்.

“தெரிஞ்சுமா பரீட்சையில மீன்னு எழுதினே?”

“நீங்க போர்டுல அப்படித்தானே எழுதிப் போட்டீங்க.”

“அன்னைக்கே வகுப்புல எழுந்து சொல்லியிருக்கலாமேம்மா?”

முத்துராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொன்னா, எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிப்பாங்கல்லா டீச்சர்.”