வெள்ளிக்கிழமை அறிக்கை

"ரெண்டாம் லைன்ல ரிஜெக்ட் எத்தனை?"

"நாற்பத்தொண்ணு, குரிஹாரா சான்."

"போன வாரம்?"

"ஐம்பத்தாறு. இந்த வாரம் குறைஞ்சிருக்கு."

"குறைஞ்சா மட்டும் போதாது. ஏன் குறைஞ்சுதுன்னு தெரியணும். தெரியாம குறைஞ்சது தெரியாமலே ஏறும்."

மேசை நடுவில் இருந்த ஸ்பீக்கர் போனிலிருந்து குரிஹாராவின் குரல் கறாராக வந்தது. பென்னபா "சரிங்க" என்று தலையைத் தாழ்த்தினாள், ஜப்பானிலிருந்து அவர் பார்க்கவா போகிறார் என்று நினைக்காமல்.

தாய்லாந்தின் அயுத்தயாவில் கார் கதவுப் பூட்டுகள் செய்யும் அந்த ஆலைக்கு அவள்தான் பொது மேலாளர். வயது ஐம்பத்திரண்டு. எதிரில் உட்கார்ந்திருந்த தனகோர்ன், உற்பத்திப் பிரிவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இந்த வெள்ளிக்கிழமை போனில் தானும் உட்கார வேண்டும் என்று அவன்தான் கேட்டிருந்தான். "உட்காருங்க தம்பி. ஆனா வாயைத் திறக்கக்கூடாது" என்று சொல்லித்தான் உள்ளே விட்டிருந்தாள். இதற்கு முன்பும் ஜப்பானியக் கம்பெனிகளில் இருந்தவன் அவன். அவர்கள் ஜப்பானிய மொழியில் பேசுவது முழுக்கப் புரிந்தது.

"லீவு எத்தனை பேர்?"

"ஒன்பது பேர். ரெண்டு பேருக்குப் பிரசவம்."

"என்ன குழந்தை?"

தனகோர்ன் நிமிர்ந்து பார்த்தான். இதையுமா தலைமையகத்துக்குச் சொல்ல வேண்டும்?

"ஒண்ணு ஆண், ஒண்ணு பெண்."

"எழுதிக்கோ. ரெண்டாம் லைன்ல ரிஜெக்ட் எத்தனை?"

அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "நாற்பத்தொண்ணு, குரிஹாரா சான்."

ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டு மடக்கப் பார்க்கிறார், போலீஸ் ஸ்டேஷனில் விசாரிப்பதைப் போல. தனகோர்ன் வெடுக்கென்று பேனாவை எடுத்தான். தாளில் பெரிதாக எழுதி அவள் பக்கம் தள்ளினான்: 'பிரஸ் மிஷின்!'

பென்னபா அதைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒரு விஷயம். ரெண்டாம் லைன் பிரஸ் மிஷின் பழசாயிடுச்சு. போன மாசம் வனிதாங்கற பொண்ணுக்கு விரல் போயிருக்கும், மயிரிழையில தப்பிச்சா. புதுசு வாங்கணும்."

"விரலுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லீங்க."

"படிவம் அனுப்பினியா?"

"அனுப்பணும்."

"மூணு பிரதி. என் முத்திரை இல்லாம அங்க ஒரு ஆணி வாங்கக்கூடாது. அடுத்த வாரம் பார்க்கலாம். இரு, கண்ணாடியை எடுத்துட்டு வரேன்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பென்னபா தங்கள் பேச்சு அவருக்குக் கேட்காதபடி மெதுவாக ஒலியை அடைத்தாள்.

தனகோர்ன் காத்திருந்தவன் போல வெடித்தான். "என்னக்கா இது? அடுத்த வாரமா? அதுக்குள்ள இன்னொருத்தி விரல் போனா அவரா வந்து ஒட்ட வைப்பாரு? ஆணி வாங்கறதுக்கும் கைகட்டி நிக்கணும்னா நாம எதுக்கு இங்க? பொம்மையா?"

"கத்தாதீங்க தம்பி."

"நீங்க கேக்கலைன்னா நான் கேக்கறேன். வேலை போனாலும் போகட்டும்."

"பிரஸ் மிஷின் திங்கட்கிழமை காலையில வந்து இறங்குது."

அவன் திகைத்தான். "அனுமதி இல்லாமலா?"

"தலைமையகம் செவ்வாய்க்கிழமையே அனுமதி கொடுத்துடுச்சு."

"அப்போ இவர்கிட்ட ஏன்..."

"பென்னபா!" குரல் திரும்பி வந்துவிட்டது. இப்போது அதில் அதட்டல் இல்லை. ஒரு படபடப்பு இருந்தது. "இருக்கியா? தண்ணி இறங்கிடுச்சா?"

தனகோர்ன் ஜன்னலைப் பார்த்தான். ஏப்ரல் வெயிலில் லாரிகள் நிற்கும் முற்றம் தகித்துக்கொண்டிருந்தது.

பென்னபா ஒலியைத் திறந்தாள். "முழுசா இறங்கிடுச்சு, குரிஹாரா சான்."

"யாரையும் வேலையை விட்டு அனுப்பாதே. ஒசாகாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஒருத்தரைக்கூட அனுப்பாதே."

"யாரும் போகலை. முந்நூத்திப் பன்னிரண்டு பேரும் இருக்கோம்."

"நல்லது." நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "அடுத்த வெள்ளிக்கிழமை தாமதம் கூடாது."

"தாமதம் ஆகாதுங்க."

போன் அணைந்தது. பென்னபா கொஞ்ச நேரம் அதன் மேல் கை வைத்தபடியே இருந்தாள்.

"என்ன தண்ணி அக்கா? ஒசாகா எங்கேர்ந்து வந்துச்சு? நம்ம தலைமையகம் நகோயாவுல இல்ல இருக்கு?"

"பெரிய வெள்ளம் வந்தப்போ இந்த ஆலை ஆள் உயரத்துக்கு முழுகிடுச்சு தம்பி. எல்லாரையும் அனுப்பிட்டு மூடச் சொல்லி ஒசாகாவுலேர்ந்து உத்தரவு. அவங்க அனுப்பி வச்ச ஆளு இவரு. அந்த உத்தரவுத் தாள்ல இவரு முத்திரை குத்தலை. ரெண்டு மாசம், படகுல வந்து போய், எங்களோட சேர்ந்து சேறு வாரினாரு."

"அது சரி. அதுக்காக இன்னிக்கும் இவருக்கு நீங்க அறிக்கை கொடுக்கணுமா?"

பென்னபா குறிப்பேட்டை மூடினாள்.

"அவரு ரிடயர் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு, ஒசாகாக்காரங்க நம்மளை நகோயாவுக்கு வித்து ஆறு வருஷம் ஆச்சு. வீட்டு ஆளுங்க பேரெல்லாம் மறந்துடுச்சாம். வெள்ளிக்கிழமை ஆனா மட்டும் காலையிலேயே டை கட்டிக்கிட்டு உட்கார்ந்துடறாராம், மகதான் நம்ம நம்பரைப் போட்டுக் கொடுக்கறா."