நாற்பத்தொரு விநாடி

முதலில் பொன்செல்வி போனின் ஒலிப் பொத்தானை மேல்பக்கம் அழுத்தினாள். முழுதாக ஏறியது.

பிறகு அழைப்பு ஒலி, பாட்டு ஒலி, அலார ஒலி. மூன்றும் தனித்தனி என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மூன்றையும் ஏற்றினாள்.

ஸ்பீக்கர் துளைகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தாள். போனை அணைத்து, முப்பது வரை எண்ணி, மறுபடி போட்டாள்.

ஒரு ரிங்டோனை ஓடவிட்டாள். அடுப்படி அதிர்ந்தது.

"நல்லாத்தான அத்தை கேக்கு?"

மாமியார் போனை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏட்டி பொன்செல்வி, மறுபடியும் ஊமையாப் போச்சு!"

மூன்று நாளாக இதே கதை.

அது அவளுடைய பழைய போன். ஞாயிற்றுக்கிழமைதான் அத்தைக்குக் கொடுத்தாள். அன்றைக்கே மகனிடமிருந்து அத்தைக்கு ஒரு குரல் செய்தி வந்தது. நாற்பத்தொரு விநாடி.

கல்யாணமாகி மூன்றே மாதத்தில், காற்றாலை வேலை என்று குஜராத்துக்குக் கிளம்பிவிட்டவன் அவன். புது மருமகளை விட்டுவிட்டுப் போகிறானே என்று அத்தை அவனோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். பத்தொன்பது நாள் கழித்து அவனாகவே பேசி அனுப்பியிருக்கிறான்.

அதை வேறு யார் கேட்கவும் அத்தை விடவில்லை. பரிசோதனைக்குக்கூட.

"எனக்குன்னுதான அனுப்பிருக்கான். நாந்தான் மொதல்ல கேக்கணும்."

அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரிந்தாக வேண்டும். அந்த வேலையை அவன் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனான். அவளை அழைத்தால் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறான். தன்னைப் பிடிக்கவில்லையோ? எங்கே தவறினாள்? அதைப் படிப்படியாகச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

போனில் வழி இருந்தது. மாலை வகுப்பில் செல்போன் பழுது பார்க்கப் படிக்கிறாள். இரண்டாவது மாதம்.

பழுதைக் கண்ணால் பார், பிறகு கையை வை. முதல் நாள் பாடம்.

இந்தப் பழுது அவள் கண்ணில் படவே மாட்டேன் என்றது. அவள் கையில் இருந்தால் போன் பாடுகிறது. அத்தை கைக்குப் போனால் வாயை மூடிக்கொள்கிறது.

"ரெண்டு மாசமா அங்க என்னத்தட்டி சொல்லித் தாராவ? ஒங்க வாத்தியாரையே ஒரு கிளாஸ்ல சேத்து விடணும் போலிருக்கே."

குறிப்பேட்டில் எழுதினாள்: புளூடூத் இயங்குகிறது. எதனுடனும் இணையவில்லை. அவள் வைத்திருந்த காலத்தில் இணைத்த கருவிகளின் பெயர்கள் நான்கு பட்டியலில் கிடந்தன. இணைப்பில் இல்லாதது எப்படிக் காரணமாகும்? அந்த வரியை அடித்துவிட்டாள்.

அடித்தது சரிதானா என்று ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அடுப்படிக்குத் திரும்பி இயர்பட்ஸை மாட்டிக்கொண்டாள். வகுப்பில் பதிவு செய்த பாடத்தைத் தன் போனில் ஓடவிட்டு, அதைக் கேட்டபடியே காய் நறுக்குவாள். அத்தை கூப்பிட்ட உடனே கழற்றி அதன் டப்பாவுக்குள் போட்டுவிடுவாள். பெரியவர்கள் முன்னால் காதை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று வளர்ந்தவள். இங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும்.

இன்று வெண்டைக்காய் பாதி மீதி இருக்கும்போதே பாடம் முடிந்துவிட்டது. கையெல்லாம் பிசுபிசுப்பு. கழற்றவில்லை.

"அம்மா."

கணவனின் குரல். அவள் காதுக்குள்.

கத்தி நின்றது.

"கோவம் போச்சாம்மா? நீ சொன்னதுதான்..."

பிடுங்கி எடுத்தாள். இரண்டையும். ஈரக் கைக்குள் அவன் குரல் கொசுவைப் போல முனகிக்கொண்டிருந்தது.

உள்ளறையில் அத்தை, "பாரு, திரும்பவும் ஊமை!" என்றார்.

அவளுக்குப் புரிந்தது. காதில் மாட்டினால் இயர்பட்ஸ் பழைய போனையும் தேடிப் பிடித்துக்கொள்கிறது. பாடம் ஓடும்வரை அந்தப் போனின் சத்தம் காதுக்கு வராது. டப்பாவுக்குள் போனால் விட்டுவிடுகிறது. பழுது பார்க்க எழுந்து வரும்போதெல்லாம் பழுதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். மூன்று நாளும், மரியாதையாக.

இப்போதும் டப்பாவில் போட்டு மூடிவிட்டால் போதும். அத்தை தனியாகக் கேட்டுக்கொள்வார். போன் தானே சரியாகிவிட்டது என்று ஆகிவிடும்.

கதவைத் தட்டினாள்.

"தப்பு எம்மேலதான் அத்தை. சத்தமெல்லாம் இதுக்குள்ள வந்துக்கிட்டிருந்திருக்கு. கோவம் போச்சாம்மான்னு கேட்டாவ. அதோட கழத்திட்டேன். மேல கேக்கல."

அத்தை அவள் உள்ளங்கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காதைக் காட்டினார். அவள் மாட்டிவிட்டாள்.

நாற்பத்தொரு விநாடி அவள் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"கூறுகெட்ட பய."

அவள் போகத் திரும்பினாள். அத்தை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தார். மற்றொன்றை அவள் காதில் கோணலாகச் செருகினார். செய்தியை முதலிலிருந்து ஓடவிட்டார்.

"அம்மா. கோவம் போச்சாம்மா? நீ சொன்னதுதான் சரி. வந்திருக்கக் கூடாது. அவ படிப்ப முடிச்சதும் சொந்தமா ஒரு கடை வச்சுக் குடுக்கணும்னுதான் இந்த வேலையக் கேட்டு வாங்குனேன். இங்க ஒரு நாள் ஒழுங்கா ஒறங்கல. அவகிட்ட இன்னும் கொஞ்ச நேரம் பேசுனா அழுதுருவேன்னு சட்டுனு வச்சிருதேன். இது தெரிஞ்சா கிளாஸ விட்டுட்டு வண்டி ஏறிருவா. அதனால அவகிட்ட மட்டும் சொல்லிராதம்மா."

முடிந்தது.

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"நான் எங்க சொன்னேன்?" என்றார்.