புல்தரைக்கு ஒரு வக்கீல்

"பூங்காவுல புல்லையெல்லாம் எடுத்துட்டு வறட்சியைத் தாங்குற செடி வைக்கணும், சொட்டுநீர்க் குழாய் போடணும்... போன கூட்டத்துலயே முடியாதுன்னுட்டேனேம்மா!" என்றார் நகராட்சித் தலைவர்.

"இருக்கிற தண்ணியெல்லாம் புல்லுக்கே போயிடுது சார். இந்தக் கோடையில மரங்களும் காஞ்சுடும்," என்றாள் திட்டத்தைத் தயாரித்த இன்ஜினீயர். இன்றும் மறுத்துவிட்டால், அந்த மரங்களை வெட்டி ஏற்றத்தான் லாரி வரும்.

பொதுமக்கள் வரிசையில் ஒரு வழுக்கைத் தலை எழுந்தது. தலைவரின் முகம் கடுகடுத்தது. வாரம் ஒரு புகாராவது தலைவர் மேல் எழுதாவிட்டால் அந்த மனிதருக்குத் தூக்கம் வராது. ஊர் வைத்த பெயர் 'பெட்டிஷன்'.

"புல்லுல கை வெச்சா கோர்ட்டுக்குப் போவேன்! இந்தம்மாவுக்குச் செடியைப் பத்தி என்ன தெரியும்? ஒரு ரோஜாவை உருப்படியா வளர்க்கத் தெரியுமா?"

"உட்காருங்க சார்! உங்களைக் கேட்டுத்தான் நான் ஊரை நடத்தணுமா?"

தலைவர் பேனாவைத் திறந்தார். கோப்பில் கையெழுத்து விழுந்தது. "நாளைக்கே வேலையை ஆரம்பிங்கம்மா!"

வாசலில் அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பெட்டிஷன் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"போன தடவை உன் திட்டம் பிரமாதம்னு பாராட்டினேன், அந்தாளு தூக்கி எறிஞ்சான். இன்னிக்கு எதிர்த்தேன், பார்த்தியா?"

"ரொம்ப தேங்க்ஸ் மாமா. ஆனா அந்த ரோஜா விஷயம்... நேத்து வீட்ல ஒத்திகை பார்த்தப்போ அது இல்லையே?"

மாமனார் நிதானமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"நம்ம மாடியில நீ வெச்ச ரெண்டு ரோஜாச் செடி செத்துக் கிடக்கும்மா. பேச்சு வேகத்துல உண்மை வந்துடுச்சு."