வாசலில் ஒரு பேரம்

பள்ளி திறந்த முதல் நாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் வாசலில் நின்று பெற்றோரையும் பிள்ளைகளையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். போன வருஷம் பாதி வகுப்பு அழுதபடியே உள்ளே போயிருந்தது. "இந்தத் தடவை ஒரு பிள்ளை அழுதாலும் உங்களை ஆபீஸ் வேலைக்கு மாத்திடுவேன்" என்று தலைமையாசிரியை எச்சரித்திருந்தார்.

முப்பது பேர் சமர்த்தாகப் போய்விட்டார்கள். அடுத்து வந்தான் ஒரு பொடியன். முதுகில் அவனைவிடப் பெரிய பை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுது ஊரைக் கூட்டினான்.

"டீச்சர், இவன் வந்து..." என்றாள் அம்மா.

"நீங்க பேசாதீங்கம்மா. அம்மா பேசினா அழுகை ஏறும்." டீச்சர் குனிந்தார். "ராஜா, உனக்கு ஜன்னலோர இடம் தரேன்."

அழுகை பாதி விலைக்கு இறங்கியது.

"கலர் சாக்பீஸும் தரேன்."

"மணி?"

"மணியா? அது பியூன் அண்ணனோட... சரி, நீயே அடி!"

பொடியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினான். டீச்சர் தலைமையாசிரியை அறைப் பக்கம் பெருமையாகப் பார்த்தார்.

"அவனுக்கு இன்னும் மூணு வயசே முடியல டீச்சர்," என்றாள் அம்மா. "அக்கா பையைக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்கு வாடான்னேன். அதுக்குத்தான் அந்த அழுகை. ஸ்கூல்ல சேர வந்தது இவ."

அம்மாவின் பின்னால் நின்றிருந்த சிறுமி முன்னே வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"தம்பிக்குக் குடுத்ததெல்லாம் எனக்கும் வேணும் டீச்சர்," என்றாள். "கொசுறா என்ன தருவீங்கன்னு சீக்கிரம் சொல்லுங்க. எனக்கு அழுகை வருது."