பழைய கெர்னல்

மில்லர்புரம் வீட்டு வாசலில் போட்ட பந்தல் நிறைந்துவிட்டது. ஓரத்து மேசையில் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் அபிலாஷ்.

“ஏலே, துபாய்ல எல்லாரும் லைவுக்காகக் காத்திருக்காங்க. போன்ல போட்டுருவோமா?” என்றான் பெரியப்பா மகன் கிங்ஸ்டன்.

“வேண்டாம்ணே. லேப்டாப்ப ஓட்டுற லினக்ஸ் கெர்னல் மாறுனதுல வைஃபை கார்டு தெரிய மாட்டேங்கு. ஜெஸ்மிதான் முந்தாநாள் அப்கிரேட் போட்டா. அப்பவே வேண்டாம்னேன், கேக்கல.”

கிங்ஸ்டன் அவன் தோளில் கை வைத்தான். “நீ எந்திரி, நான் பாக்கேன்” என்றான்.

“இல்ல, நானே பாக்கேன்.”

பக்கத்தில் யாரோ வைத்த டீ ஆறிக் கிடந்தது. வைஃபைக்கான டிரைவர் மென்பொருளை மறுபடி ஏற்றிப் பார்த்தான். புதிய கெர்னல் அதை ஏற்கவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டு, பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தான். வைஃபை வந்தது.

“வந்துட்டு” என்றான், யாருக்கோ சொல்வதுபோல.

கேமராவைத் திருப்பி, பூக்களெல்லாம் படத்துக்குள் விழும்படி வைத்தான். தெளிவாகத் தெரிவதாகத் துபாயிலிருந்து செய்தி வந்தது.

போதகர் மைக்கைத் தட்டினார். “பெட்டிய மூடப்போறோம். ஜெஸ்மியோட வீட்டுக்காரர் முன்னால வாங்க.”

கேமரா ஆடாமல் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அபிலாஷ் எழுந்து படத்துக்குள் போனான்.