வாக்காளரின் வால்

தவளைக்கு வால் கிடையாது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். வருந்தத்தக்க பிழை. தேர்தல் சட்டப்படி ஒவ்வொரு தவளைக்கும் வால் உண்டு.

மாலையில் மட்டும் இரை தேடிவந்த கொக்குகள் இனிக் காலையிலும் தேடலாமா என்று ஒரு குளத்தில் வாக்கெடுப்பு நடந்தது. பிறந்தவுடனே வாக்காளராகப் பெயர் பதிவது அந்தக் குளத்து வழக்கம். வாக்களிக்க வந்த தவளையை, தேர்தல் அதிகாரியான கொக்கு ஏற இறங்கப் பார்த்தது.

"பெயர் பதிந்தபோது வால் இருந்ததே, எங்கே?"

"அப்போது நான் தலைப்பிரட்டை, ஐயா. வளர்ந்ததும் மறைந்துவிட்டது."

"அப்படியானால் பெயர் பதிந்தது நீ இல்லை. வாலோடு வா."

"வால் இருக்கிற என் பிள்ளைகளை அனுப்பட்டுமா?"

"அதுகளுக்கு இன்னும் வயது வரவில்லையே அம்மா!"

"இது அநியாயம்! குளம் முழுக்கக் கேட்கும்படி கத்துவேன்."

"தாராளமாகக் கத்து, தாயே," என்றது கொக்கு கனிவாக. "பேச்சுரிமையில் நாங்கள் அலகு வைப்பதே இல்லை."

தவளை ஓர் அல்லி இலைமேல் ஏறி, இருட்டும்வரை கத்தியது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் விடிந்ததும் கொக்குகள் எங்கும் தேடி அலையாமல் நேராக அந்த அல்லி இலைக்குப் போயின.